அன்றாடச் சிக்கல் ஒன்றைச் சமூகவியல் முறையில் ஆய்வு செய்வது எப்படி? முதன்முறை களத்தில் இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலையின்மை, பள்ளியை இடையில் விடும் பிள்ளைகள், முதியோரின் தனிமை என எதை எடுத்தாலும் நம் எல்லோரிடமும் தயாராக ஒரு விளக்கம் இருக்கிறது. “இந்தக் காலத்தவருக்குப் பொறுப்பில்லை” என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிடுகிறோம். அந்த வரி உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கும் வேலைதான் சமூகவியல் ஆய்வு. பட்டம் பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அல்ல அது. பொறுமையும் நேர்மையும் உள்ள யாரும் சிறிய அளவில் செய்யலாம்.

படுத்த படுக்கையான முதியவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றிச் சிறிய ஆய்வு ஒன்றைச் செய்து முடித்தேன். ஆய்வுமுறைப் பாடநூல்கள் கோட்பாட்டை நன்றாகவே கற்றுத்தருகின்றன. ஆனால் எந்தத் தாளில் யார் கையெழுத்திட வேண்டும், எந்த வேலை நேரத்தை விழுங்கும், பணம் எங்கே கரையும் என்பதை அவை சொல்வதில்லை. ஓர் அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் அசையாமல் கிடந்ததால் என் களப்பணி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. உங்களுக்கு அப்படி நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. சிக்கலைச் சின்னக் கேள்வியாக்குங்கள்

“முதியோர் புறக்கணிப்பு” என்பது தலைப்பு. அது இன்னும் கேள்வி ஆகவில்லை. “இந்தக் குடியிருப்பில், படுக்கையில் இருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்வதற்காகக் கடந்த 2 ஆண்டுகளில் வேலையை விட்டவர் யார், அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது?” என்பது கேள்வி. யார், எங்கே, எந்தக் காலத்தில், எது என்ற நான்குக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் களத்துக்குப் போன பிறகு திணறுவீர்கள்.

“ஏன்” என்று நேரடியாகக் கேட்டுத் தொடங்காதீர்கள். ஏன் என்பதற்கான விடை பெரும்பாலும் ஒப்பீட்டில்தான் கிடைக்கும். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் அடித்த வெப்ப அலையில், வழக்கத்தைவிட 700-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். வெயில்தான் காரணம் என்று விட்டிருக்கலாம். சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க், அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். தனியாக வாழும் முதியவர்களும் ஏழ்மையில் இருக்கும் முதியவர்களும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள். அடித்த வெயிலும் ஒன்றே. ஆனால் ஒரு பகுதியில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். மற்றதில் லட்சத்துக்கு 4 பேர். சாவு குறைந்த பகுதியில் தெருவில் கடைகளும் நடமாட்டமும் இருந்தன. முதியவர்கள் வெளியே வந்தார்கள். மற்ற பகுதியில் கைவிடப்பட்ட வீடுகளும் காலி மனைகளும் மண்டிக் கிடந்தன. அச்சத்தால் முதியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே உங்கள் கேள்வியிலும் ஒப்பிட ஏதாவது ஒன்று இருக்கட்டும்: இரண்டு தெருக்கள், இரண்டு பள்ளிகள், வேலையை விட்டவர்களும் விடாதவர்களும்.

2. இருப்பதை முதலில் படியுங்கள்

இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். கட்டுரை கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்தால், “எல்லாப் பதிப்புகளும்” என்ற இணைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். ஆசிரியரே இலவசமாக ஏற்றியிருக்கும் படி பலமுறை அங்கே கிடைக்கும். இல்லாவிட்டால் ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். தங்கள் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்றால் பெரும்பாலான ஆய்வாளர்கள் மகிழ்ச்சியோடு அனுப்பிவிடுவார்கள். படித்தவற்றை சோடெரோ என்ற இலவச மென்பொருளில் சேமித்துவந்தால், அறிக்கை எழுதும்போது எதை எங்கே படித்தோம் என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

ஒரு கட்டுரையில் முடிவுரைக்கு முன்னால் ஆய்வுமுறைப் பகுதியைப் படியுங்கள். எத்தனை பேரிடம் கேட்டார்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், என்ன கேட்டார்கள் என்பது தெரியாமல் முடிவை மட்டும் நம்பக் கூடாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளையும் மக்கள் ஒரு நாளின் நேரத்தை எதில் செலவிடுகிறார்கள் என்று அளக்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். சில கேள்விகளுக்கு விடை அங்கேயே இருக்கும். அப்படியானால் யாருடைய கதவையும் தட்ட வேண்டியதில்லை. இந்த வாசிப்புக்கு 3 அல்லது 4 வாரம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் போனால் களத்துக்குப் போகாமலிருக்க அதுவே சாக்காகிவிடும்.

3. யாரிடம் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

நிறையப் பேரிடம் கேட்டால் உண்மை வந்துவிடும் என்ற நம்பிக்கை புதியவர்களைப் பெரிதும் ஏமாற்றுகிறது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறக்குறைய 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ஆனால் அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகள் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தநிலைக் காலத்தில் அந்த இரண்டும் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனநிலையில் இருக்கவில்லை.

வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பைப் பகிர்ந்து 500 பேரிடம் பதில் வாங்குவதும் இதே வகைதான். உங்களைப் போன்றவர்களே உங்களுக்குப் பதில் சொல்வார்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. “எவ்வளவு பேர்” என்று எண்ணிக்கை சொல்ல வேண்டுமானால், முறையான பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த மாதிரி (எல்லோருக்கும் பதிலாகக் கேட்கப்படும் சிலர்) தேவை. அப்படி எடுத்த 400 பேர் இருந்தால், வழக்கமான 95 விழுக்காடு நம்பிக்கை அளவில் பிழை வரம்பு, அதாவது கிடைத்த எண் உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, ஏறக்குறைய கூட்டவோ குறைக்கவோ 5 விழுக்காட்டுப் புள்ளி. 1,000 பேர் என்றால் 3 புள்ளி. “எப்படி நடக்கிறது” என்பதுதான் கேள்வி என்றால் இவ்வளவு பேர் வேண்டாம். ஒரே மாதிரியான சூழலில் இருப்பவர்களிடம் 12 முதல் 20 ஆழமான நேர்காணல் செய்தால் போதும். அதற்குள் சொன்னதே திரும்ப வரத் தொடங்கும். முதல் ஆய்வுக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாவது வழியைத்தான்.

4. தாள்களைத் தயார் செய்யுங்கள்

இந்தப் படியை அவசரமாகக் கடந்தவர்கள் பின்னால் முழு ஆய்வையும் இழந்திருக்கிறார்கள். களத்துக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை:

ஆய்வுத் திட்டம், 2 பக்கம். கேள்வி, யாரிடம், எப்படி, எவ்வளவு காலம், தகவலை என்ன செய்வீர்கள். இதற்கு மேல் நீண்டால் அனுமதி தருபவர் படிக்க மாட்டார்.

தகவல் தாள், 1 பக்கம். பங்கேற்பவரிடம் கொடுக்க வேண்டியது. நீங்கள் யார், எவ்வளவு நேரம் எடுப்பீர்கள், பெயர் வெளிவராது, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மறுக்கலாம், எந்தத் தேதிவரை தன் பேட்டியைத் திரும்பப் பெறலாம் என்பதெல்லாம் எளிய மொழியில் இருக்க வேண்டும். பதில் சொல்வதால் உதவித்தொகையோ வேறு பலனோ வராது என்பதையும் அச்சிட்டே கொடுங்கள். வாயால் மட்டும் சொன்னால் ஏதாவது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு மிச்சமிருக்கும். ஏமாந்தவர்கள் உங்களுக்கு அடுத்து வருபவருக்குக் கதவைத் திறக்க மாட்டார்கள்.

ஒப்புதல் படிவம், இரண்டு பிரதி. ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. பேட்டிக்கு ஒப்புதல், ஒலிப்பதிவுக்கு ஒப்புதல், சொற்களை மேற்கோள் காட்ட ஒப்புதல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். பேசச் சம்மதித்தவர் பதிவுக்குச் சம்மதிக்காமல் இருக்கலாம். படிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, சாட்சி முன்னிலையில் ஒப்புதல் பெறுங்கள்.

நிறுவன அனுமதிக் கடிதம். பள்ளி, மருத்துவமனை, விடுதி, குடியிருப்போர் சங்கம் என எதன் வழியாக மக்களைச் சந்திக்கிறீர்களோ அதன் பொறுப்பாளரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். “போய்க் கேளுங்கள், நான் சொல்லிவைக்கிறேன்” என்பது அனுமதி ஆகாது. அவர் மாற்றலாகிப் போனால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும். விண்ணப்பத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியுடன் கையெழுத்து வாங்கிவைத்தால், பிறகு நினைவூட்டும்போது அதுவே உங்கள் பக்கம் பேசும்.

நெறிமுறைக் குழுவின் (பங்கேற்பவர்களுக்கு ஆய்வால் தீங்கு வராதா என்று பார்க்கும் குழு) ஒப்புதல். கல்லூரி அல்லது பல்கலைக்கழகம் சார்ந்து செய்பவர்களுக்கு இது பெரும்பாலும் கட்டாயம். சிறுவர், நோயாளிகள், வன்முறைக்கு உள்ளானவர்கள் தொடர்பான ஆய்வென்றால் கூடுதல் கேள்விகள் வரும். குழு தினமும் கூடுவதில்லை. ஒருமுறையாவது திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பும். 2 முதல் 3 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தையும் சாராதவர்கள் சமூகவியல் துறை ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. யாரும் கேட்காவிட்டாலும் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் இல்லாமல் போகாதீர்கள்.

இன்னொரு தாளை உங்களுக்காக மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பேட்டியின் நடுவே ஒருவர் அழுதாலோ, தன்னை யாரோ அடிப்பதாகச் சொன்னாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வெளியிட்டாலோ என்ன செய்வீர்கள், யாரை அழைப்பீர்கள் என்ற குறிப்பு. அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

5. கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இந்தத் தலைப்பாக இருக்கட்டும்.

ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1930-களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியுடன் நாடு முழுவதும் காரில் பயணம் செய்தார். சீனர்கள் மீது வெறுப்பு பரவலாக இருந்த காலம். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டுமே இடம் மறுக்கப்பட்டது. சில மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீன இனத்தவரை விருந்தினராக ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் “மாட்டோம்” என்றார்கள். சொல்வதும் செய்வதும் இவ்வளவு விலகி நிற்கும். லாபியரின் ஆய்வில் விலகல் ஒரு திசையில் இருந்தது; உங்கள் ஆய்வில் நேரெதிராக இருக்கலாம். வரதட்சணை வாங்குவீர்களா, சாதி பார்ப்பீர்களா, பெண் குழந்தையை வேறுபடுத்துவீர்களா என்று கேட்டால் எல்லோரும் உத்தமர்களே.

வீட்டு வேலையை எடுத்துக்கொள்வோம். “வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டு வேலை செய்கிறீர்கள்?” என்று பொதுவாகக் கேட்டால் வரும் எண்ணைவிட, நாளை நேரவாரியாக எழுதவைத்துக் கூட்டினால் வரும் எண் குறைவாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. ஆகவே நேரத் தாள் ஒன்றைப் பயன்படுத்துங்கள். 24 மணி நேரத்தை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து, “நேற்று விழித்தது முதல்” என்று தொடங்குங்கள்.

கவனிப்பு வேலையில் இது வேறொரு உண்மையையும் வெளியே கொண்டுவந்தது. நான் பேசிய ஓர் அம்மாவிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டபோது, “ஒன்றும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்” என்றார். நேரத் தாளை விரித்தோம். இரவு 10 மணிக்கு மாமியாரைத் திருப்பிப் படுக்கவைத்தல். 12 மணிக்கு மீண்டும். 2 மணிக்கு விரிப்பு மாற்றல், மீண்டும் திருப்பல். 4 மணிக்கு மறுபடியும். படுக்கைப் புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்களாம். தூக்கம் என்று அவர் எழுதிய கட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நின்றன. தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எழுத வேண்டுமா?” என்று கேட்டார். எழுத வேண்டும் என்றேன்.

கேள்விகளை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில. “நீங்கள் கவனித்துக்கொள்வதில்லையா?” என்பது குற்றச்சாட்டு, “கடைசியாக யார் மருந்து கொடுத்தார்கள்?” என்பது கேள்வி. “வருமானமும் நிம்மதியும் குறைந்ததா?” என்று இரண்டை ஒன்றாகக் கட்டாதீர்கள். வருமானம், நோய், சண்டை போன்றவற்றைக் கடைசியில் வையுங்கள். ஆய்வு செய்யப்போகும் இடத்துக்கு வெளியே 4 அல்லது 5 பேரிடம் முன்னோட்டம் பார்த்து, அவர்கள் முகம் சுளித்த கேள்விகளை மாற்றுங்கள். முன்னோட்டமே பார்க்காமல் நூற்றுக்கணக்கில் அச்சடிப்பது பணத்தைத் தெருவில் வீசுவதற்குச் சமம்.

6. கேட்காமலும் தெரிந்துகொள்ளலாம்

ஆஸ்திரியாவில் மரியென்டால் என்ற ஊரில் இருந்த ஒரே பெரிய நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்து நின்றபோது, சமூக உளவியலாளர் மரீ யஹோடாவும் நண்பர்களும் 1931-ல் அங்கே ஆய்வுக்குப் போனார்கள். வேலையில்லாதவன் கொதித்தெழுவான் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. அவர்கள் நூலகப் பதிவேட்டைப் புரட்டினார்கள். மக்களுக்கு நேரம் கொட்டிக் கிடந்தும், இரவல் வாங்கும் புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. சன்னலோரம் நின்று தெருவில் போகிறவர்களின் நடைவேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக, அடிக்கடி நின்று நின்று நடந்தார்கள். வீட்டு வேலை இருந்த பெண்கள் வேகமாக நடந்தார்கள். அங்கே கொதிப்பு இல்லை, சோர்வுதான் இருந்தது. யாரையும் ஒரு கேள்வியும் கேட்காமல் கிடைத்த சான்றுகள் இவை.

உங்கள் சிக்கலுக்கு அப்படி என்ன பதிவேடு இருக்கிறது என்று தேடுங்கள்: வருகைப் பதிவு, புறநோயாளிச் சீட்டு, அடகு ரசீது, பஸ் கால அட்டவணை. அனுமதியோடு பாருங்கள், தனிநபர் பெயர்களைக் குறித்துக்கொள்ளாதீர்கள்.

7. செலவும் காலமும்

பயணம், அச்சு, ஒலிப்பதிவுக் கருவி ஆகியவை எல்லோருக்கும் நினைவில் இருக்கும். மறந்துபோவது எழுத்தாக்கம். ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டு எழுத, பழகியவருக்கே 4 மணி நேரம் பிடிக்கும். புதியவருக்கு 6 மணிக்கும் மேல். 15 பேட்டி என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வெளியாளிடம் கொடுத்தால் உங்கள் பட்ஜெட்டில் மிகப் பெரிய தொகை இதுதான். கொடுப்பதானால் ரகசியம் காப்பதாக அவரிடமும் எழுதி வாங்க வேண்டும். தானியங்கி மென்பொருளின் எழுத்தாக்கத்தை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் பயன்படுத்தாதீர்கள். பேச்சு வழக்கில் அது நிறையத் தடுமாறும். பேட்டி எடுத்த அன்றே அல்லது மறுநாளே எழுதிவிடுவது நல்லது, குரலோடு முகமும் நினைவிருக்கும்.

மென்பொருளுக்குச் செலவிட வேண்டாம். வினாநிரலைக் கைப்பேசியில் நிரப்ப கோபோடூல்பாக்ஸ், பேட்டிகளைக் குறியிட்டுப் பிரிக்க டாகெட், எண்களுக்கு ஆர் என்று இலவசமானவையே போதும்.

பகுதி நேரமாகச் செய்பவர் மொத்தம் 8 முதல் 10 மாதம் ஒதுக்கலாம். அதில் பேட்டி எடுப்பது 2 மாதத்தைத் தாண்டாது. மீதியெல்லாம் அனுமதி, எழுத்தாக்கம், பகுத்தாய்வு. தேர்வு, அறுவடை, பண்டிகைக் காலங்களில் களப்பணியை வைக்காதீர்கள்.

8. பகுத்தாயும்போது வழுக்கும் இடங்கள்

15 பேரிடம் பேசிவிட்டு “60 விழுக்காட்டினர்” என்று எழுதாதீர்கள். “15 பேரில் 9 பேர்” என்பதே நேர்மை.

ஒரு பகுதியின் சராசரியை அங்கே வாழும் தனிமனிதர் தலையில் கட்டாதீர்கள். 1930 அமெரிக்கக் கணக்கெடுப்பை வைத்து வில்லியம் ராபின்சன் 1950-ல் இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமிருந்த மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகமாக இருந்தது. ஆனால் தனித்தனி ஆட்களாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களின் எழுத்தறிவு குறைவு. எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். குற்றம் மிகுந்த பகுதியில் வாழ்பவர்களைக் குற்றவாளிகளாகப் பேசும் பேச்செல்லாம் இந்தப் பிழையின் மேல்தான் நிற்கிறது.

உங்கள் முடிவுக்குப் பொருந்தாத பேட்டியைத் தேடி எடுத்து, அதை அறிக்கையில் கட்டாயம் சேருங்கள். வேலையை விட்ட பெண்களே நிறைந்த என் பட்டியலில், வேலையை விட்ட ஒரு மகன் இருந்தார். அவருடைய சம்பளம் அவர் மனைவியின் சம்பளத்தைவிடக் குறைவு. பாசத்தைப் பற்றி மட்டுமே நான் எழுதியிருந்த பத்தியை அவரால் மாற்றி எழுத வேண்டியிருந்தது.

9. திருப்பிக் கொடுங்கள், பத்திரப்படுத்துங்கள்

பெயர்ப் பட்டியலும் பேட்டிகளும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. பேட்டிகளுக்கு எண் கொடுங்கள்; எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியலைக் கடவுச்சொல்லோடு வேறிடத்தில் வையுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சின்னக் குடியிருப்பில் “இரட்டைக் குழந்தைகளின் தாய், தபால் ஊழியர்” என்று எழுதினாலே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

அறிக்கை முடிந்ததும் 2 பக்கச் சுருக்கம் ஒன்றை எளிய மொழியில் எழுதிப் பங்கேற்றவர்களுக்கும் அனுமதி தந்த நிறுவனத்துக்கும் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் கொடுப்பது இன்னும் நல்லது. தவறாகப் புரிந்துகொண்ட இடத்தை அவர்கள் சுட்டிக்காட்டினால் திருத்த நேரமிருக்கும். ஒலிப்பதிவுகளை எந்தத் தேதியில் அழிப்பதாகத் தகவல் தாளில் எழுதினீர்களோ, அந்தத் தேதியை நாட்காட்டியில் இன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் கைப்பேசியின் தானியங்கிச் சேமிப்பிலும் இருக்கும் படிகளையும் அன்று அழிக்க வேண்டும்.